கார் மேம்பாலத்தில், பாட்டி தரைத்தளத்தில்

2024 அக்டோபர் நடுவில் சென்னைக்கு ரெட் அலர்ட் என்றதும் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரம் முழுக்கக் கார்கள் வரிசைகட்டி நின்றன. 2015 வெள்ளத்தில் ஒருமுறை, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் இன்னொருமுறை என்று இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து காசைக் கொட்டி அழுதவர்கள், இந்தத் தடவை மழை வலுக்கும் முன்பே வண்டியை மேலேற்றிவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்து ஊரே சிரித்தது. சிரித்தவர்களில் வேளச்சேரிக்காரர் யாரும் இருந்திருக்க மாட்டார். என் கணக்கில் அவர்கள் செய்தது மிகச் சரியான காரியம். உறுத்துவது வேறு. கார் மேலேறிப்போன அதே வீட்டில், தரைத்தளத்து உள்ளறையில், முழங்கால் வலியோடு கட்டிலில் கிடக்கும் பாட்டியை யார், எப்போது, எங்கே கூட்டிப்போவது என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "மாடிக்குப் போயிக்கலாம், பாத்துக்கலாம்."

காரை நகர்த்துவதில் குழப்பமே இல்லை என்பதைக் கவனியுங்கள். எங்கே நிறுத்துவது என்று தெரியும். எப்போது என்பதும் தெரியும். எச்சரிக்கை வந்ததுமே, தண்ணீர் வரக் காத்திருக்காமல். சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் ஓட்டுகிறார், மற்றவரிடம் அனுமதி கேட்பதில்லை. 2024இல் மறுநாள் பயந்த அளவுக்கு மழை பெய்யவில்லை. வண்டியைத் திருப்பி எடுத்து வந்தார்கள், அதில் யாருக்கும் வெட்கமில்லை. மனிதர்கள் என்று வந்துவிட்டால் எல்லாம் தலைகீழ். யார் வீட்டுக்குப் போவது, அங்கே கழிப்பறை வெஸ்டர்னா இந்தியனா, சம்பந்தி வீட்டில் போய் எப்படி நிற்பது, பூட்டின வீட்டில் திருடன் புகுந்தால் என்ன, மழை வராமல் போனால் அக்கம்பக்கம் என்ன சொல்லும்? இந்தக் கேள்விகளுக்கு அக்டோபரிலேயே பதில் சொல்லி முடித்திருந்தால் அதுதான் வெளியேறும் திட்டம். டார்ச்சும் பிஸ்கட்டும் அடைத்த பை அதில் கால்வாசிகூட இல்லை.

மாடி போதுமா?

மாடி உயிரைக் காப்பாற்றும். அதை மறுக்கவில்லை. ஆனால் சென்னையில் வெள்ளம் என்பது ஒரே சரக்கு அல்ல. அடையாறு கரைமீறினால் வருவது ஓடுகிற தண்ணீர். சில மணி நேரத்தில் ஆளுயரம் ஏறி, ஓரிரு நாளில் வடியத் தொடங்கும். வேளச்சேரி, மடிப்பாக்கம், பெரும்பாக்கம் பக்கம் வருவது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துத் தண்ணீர். அது ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாயில் விழுந்து கோவளம் முகத்துவாரம் போய்ச் சேர்ந்தாக வேண்டும். புயல் நேரத்தில் கடல் மட்டமே ஏறியிருப்பதால் முகத்துவாரம் தண்ணீரை வாங்காது. ஆகவே அங்கே மெதுவாக ஏறி, நாள்கணக்கில் நிற்கும். மாடியில் ஒரு ராத்திரியை ஓட்டிவிடலாம். மூன்றாம் நாள் காலையில்தான் மாடியின் லட்சணம் தெரியும்: மோட்டார் ஓடாததால் மேல்நிலைத் தொட்டி காலி, கழிவுநீர்க் குழாய் நிரம்பியதால் ஃப்ளஷ் செய்தது போகாது, செல்போன் கோபுரத்து பேட்டரி தீர்ந்து சிக்னல் இல்லை, கீழே இடுப்பளவு சாக்கடை கலந்த தண்ணீர். அப்போது இறங்க நினைத்தாலும் படகு வந்தால்தான் உண்டு.

ஆகவே மாடி யாருக்குப் போதும், யாருக்குப் போதாது என்று வீட்டில் முதலிலேயே பிரித்துவிட வேண்டும். வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் செய்கிறவர், ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரில் இருப்பவர், நிறைமாதக் கர்ப்பிணி, கைக்குழந்தை, கட்டிலோடு இருப்பவர், இவர்களுக்கு மாடி போதாது. இவர்கள் எச்சரிக்கை நிலையிலேயே வேறு இடம் போக வேண்டியவர்கள். டயாலிசிஸ் நோயாளி என்றால் போகிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மையத்தை அக்டோபரில் பேசிவைத்து, கடைசி ரிப்போர்ட்டுகளின் நகலையும் கொடுத்துவைப்பது நல்லது. மற்றவர்களுக்கு மாடி ஒரு தற்காலிக நிலையம். நால்வருக்கு மூன்று நாள் என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 முதல் 4 லிட்டர் குடிநீர், அதாவது 20 லிட்டர் கேன் இரண்டு, கைவசம் மூன்றாவது. அதைத் தண்ணீர் வரும் முன்பே மேலே ஏற்றியிருக்க வேண்டும். கேனைத் தோளில் வைத்துக்கொண்டு நனைந்த படியில் இருட்டில் ஏறுவதுபோல் வில்லங்கம் வேறில்லை.

மாடி வீட்டுக்காரரிடம் கேட்டுவைத்தீர்களா என்பதும் உண்டு. மூன்று மாடி ஃபிளாட்டில் தரைத்தளத்து நான்கு குடும்பமும் முதல் மாடியில் ஒரே ஒரு வீட்டைத்தான் மனதில் வைத்திருக்கும், அந்த வீட்டுக்காரர் பொங்கல் வரை அமெரிக்காவில் இருப்பார்.

டிசம்பர் 1, மாலை

இந்தத் திட்டத்தின் உயிர்நாடி நேரம்தான். 2015 டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை, பகல் முழுக்க மழை. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வெளியேறிய நீர் மாலைக்குள் விநாடிக்கு 29,000 கனஅடியைத் தொட்டது. அதோடு ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர் பக்கத்து ஏரிகளின் உபரியும் அதே அடையாற்றில்தான் சேர்ந்தது. ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது இரவில். மாலை மூன்று மணிக்கு அங்கிருந்து ஒரு ஆட்டோ பிடித்து மேடான பகுதிக்கு வந்திருக்கலாம், மழையில் நனைந்ததோடு போயிருக்கும். இரவு பதினொரு மணிக்கு அதே தூரம் கடக்க முடியாத தூரம். மின்சாரம் இல்லை, தெருவிளக்கு இல்லை, எது ரோடு எது கால்வாய் என்று தெரியவில்லை, மூடி கழன்ற பாதாளச் சாக்கடைக் குழி எங்கே என்று தெரியவில்லை. சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தையே மூடும்படி ஆயிற்று. தூரம் மாறவில்லை, எட்டு மணி நேரம்தான் மாறியது.

அந்த எட்டு மணி நேரமும் வீடுகளில் என்ன நடந்திருக்கும்? இப்போதும் ஒவ்வொரு பெருமழையிலும் பார்க்கும் காட்சிதான். வாட்ஸ்அப்பில் "சார், நம்ம தெருவுல தண்ணி வருமா?" என்று ஒருவர். "2015லயே வரல, இப்ப எங்க வரப்போவுது" என்று இன்னொருவர். 2015இல் அதே ஆள் 2005ஐச் சொல்லியிருப்பார். மகன் பெங்களூரிலிருந்து, "அப்பா, நீங்க என்ன நினைக்கிறீங்க?" அப்பா, "அம்மா சாப்பிட்டு முடிக்கட்டும், பாக்கலாம்." யாரும் மறுக்கவில்லை, யாரும் முடிவெடுக்கவுமில்லை.

'போன தடவை வரவில்லை' என்ற வாதத்தில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. சென்னைத் தெருக்களில் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதிதாகப் போட்டதால், பத்து வருடத்தில் வீட்டு வாசல் ரோட்டைவிட ஒரு படி தாழ்ந்துபோன தெருக்கள் ஏராளம். 2015இல் வாசற்படியோடு நின்ற தண்ணீர் அடுத்தமுறை கூடத்துக்குள் வந்துவிடும். ஆகவே பழைய கறையை மட்டும் நம்பாமல், இன்றைய ரோடு மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். தெருக்கோடி இஸ்திரிக் கடைக்காரரையும் பால் போடுகிறவரையும் கேளுங்கள். தண்ணீர் எந்தத் திசையிலிருந்து முதலில் வரும், எந்தச் சந்து கடைசியில் மூழ்கும் என்பது எந்த வரைபடத்தையும்விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே முடிவை மழை நாளில் எடுக்காதீர்கள். இப்போதே எடுத்து எழுதிவையுங்கள். நான் சொல்லும் வரைமுறை இது. ரெட் அலர்ட், அதாவது ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யலாம் என்று வானிலை மையம் சொன்னால், மாடி போதாதவர்கள் அன்றே, மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும், கிளம்ப வேண்டும். அடையாற்றங்கரைக்காரர்களுக்கு இன்னொரு அடையாளம் உண்டு. செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி. நீர்மட்டம் 22 அடியைத் தாண்டியிருக்கும்போது கனமழை எச்சரிக்கையும் சேர்ந்தால், திறப்பு அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டாம். ஏரி மட்டங்களைக் குடிநீர் வாரியம் தினமும் வெளியிடுகிறது. வடசென்னைக்காரர்கள் பார்க்க வேண்டியது பூண்டியும் புழலும். பூண்டி உபரி கொசஸ்தலை வழியாக மணலி, எண்ணூர் பக்கம்தான் வரும். மற்றவர்களுக்கு கேட் தூணில் பெயின்டால் ஒரு கோடு போதும், ரோட்டிலிருந்து 15 சென்டிமீட்டரில். தண்ணீர் அதைத் தொட்டு, மழையும் விடவில்லை என்றால் விவாதம் முடிந்தது. அதற்கு மேல் ஓடும் தண்ணீரில் வயதானவர் கால் நிலைக்காது. 30 சென்டிமீட்டரில் சின்ன கார் மிதக்கத் தொடங்கும், 60 சென்டிமீட்டர் ஓட்டம் பெரும்பாலான வண்டிகளை இழுத்துப்போய்விடும். எதுவானாலும் பிற்பகல் 4 மணி கெடு. டிசம்பரில் சென்னையில் ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடும். நாலு மணிக்குக் கிளம்பவில்லை என்றால் அந்த இரவு மாடிதான் என்று முடிவு செய்து, அதற்கான வேலையில் இறங்கிவிட வேண்டும். ஏழு மணிக்கு மனம் மாறி இறங்குவதுதான் ஆகக் கெட்டது.

முடிவெடுப்பவர் ஒருவராக இருக்க வேண்டும், பகலில் வீட்டில் இருப்பவராக இருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது மருமகளோ அம்மாவோதான். பெங்களூர் மகனுக்கு ஓட்டுரிமை கிடையாது. அவர் வேலை, உள்ளூர்க்காரர் யாருக்கும் சிக்னல் கிடைக்காதபோது வெளியிலிருந்து எல்லாருக்கும் தகவல் சொல்லும் ஆளாக இருப்பது.

எங்கே போவது

ஒரே தண்ணீருக்குள் இடம் மாறுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. வேளச்சேரி ராம் நகரிலிருந்து மடிப்பாக்கம் அக்கா வீட்டுக்குப் போவது இடமாற்றமே ஆகாது. போகும் வீடு வேறு வடிநிலத்தில், அதாவது தண்ணீர் வேறு பக்கம் வடியும் இடத்தில், மேட்டில், முடிந்தால் முதல் மாடியில் இருக்க வேண்டும். இடையில் ஆற்றுப் பாலமோ ரயில்வே சுரங்கப்பாதையோ இருக்கக் கூடாது. கணேசபுரம், துரைசாமி, அரங்கநாதன், ரங்கராஜபுரம் சுரங்கப்பாதைகள் மழைக்கு முதலில் மூடப்படுபவை. ரயிலையும் நம்பிவிட முடியாது. பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடையில் உள்ள 14ஆம் எண் பாலத்தில் தண்ணீர் ஏறினால் சென்ட்ரல் பக்கமே ஸ்தம்பித்துவிடும். இரண்டு வழியை எழுதிவைத்து, ஒரு நல்ல மழை நாளில் அதில் ஒன்றில் போய்ப் பார்த்தால் போதும், உண்மை தெரிந்துவிடும்.

சம்பந்தி வீட்டுச் சங்கடத்துக்கு மருந்து, முன்கூட்டியே வெளிப்படையாகப் பேசுவது. சென்னையில் இதற்கு ஒரு நல்ல கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. பள்ளமான ஏரியாவில் நிலத்தடி நீர் கிடைக்கும், மேட்டு வீட்டுக்காரர் மே மாதத்தில் லாரிக்குக் காத்துக் கிடப்பார். 2019 கோடையை யாரும் மறந்திருக்க முடியாது. "மழைக்கு நாங்க அங்க, வெயிலுக்கு நீங்க இங்க" என்று பேசிவைத்தால் யாருக்கும் யாரும் கடன்பட்டவர் இல்லை. போகும்போது அரிசி, பருப்பு, போர்வை, ஆளுக்கொரு வாளி கொண்டுபோனால் மூன்றாம் நாளும் முகம் கோணாது. சொந்தம் இல்லாதவர்களுக்கு மாநகராட்சி நிவாரண மையம் உண்டு. உங்கள் வார்டுக்கு எந்தப் பள்ளி, எந்தச் சமூக நலக்கூடம் என்று மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு அழைத்து மழைக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டம் 1077. இந்த எண்களைக் கதவுக்குப் பின்னால் காகிதத்தில் ஒட்டுங்கள். சார்ஜ் போன போனில் இருக்கும் எண் எதற்கும் உதவாது. நாய், பூனை இருந்தால் அதையும் அப்போதே கேளுங்கள். எல்லா மையமும் சேர்க்காது. நாய்க்காகவே ஒருவர் வீட்டில் தங்கிவிடுவதும் உண்டு.

'வீட்டைப் பார்த்துக்க ஒருத்தர் இருக்கட்டும்' என்பதற்கு எல்லாரும் தேர்ந்தெடுப்பது தாத்தாவை. வெள்ளத்தில் மாட்டிக்கொள்ள இதைவிட மோசமான தேர்வு கிடையாது. நகையை அக்டோபரிலேயே வங்கி லாக்கரில் வைத்துவிட்டால் அந்தக் காவலுக்கே அவசியமில்லை.

கிளம்பும் அரைமணி

பையை எல்லாரும் விரிவாக எழுதுகிறார்கள், நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோளில் மாட்டும் பை, ஆளுக்கு ஆறேழு கிலோவுக்கு மேல் வேண்டாம், கை இரண்டும் காலியாக இருக்க வேண்டும். சக்கரம் வைத்த பெட்டி தண்ணீரில் பாரம். ஒரு வார மாத்திரை, மருந்துச் சீட்டு, மூக்குக்கண்ணாடி, பல்செட், காதுக் கருவி பேட்டரி, பெரியவர்களுக்கான டயப்பர், பவர்பேங்க், 100 ரூபாய் நோட்டுகளாகக் கொஞ்சம் பணம், ஏனென்றால் செல்போன் கோபுரம் விழுந்தால் ஜிபேயும் விழும். ஒரிஜினல் பத்திரம், பள்ளிச் சான்றிதழ், ரேஷன் கார்டு இரட்டை ஜிப் கவரில். இன்சுலினை ஐஸ் மேல் நேரடியாக வைத்தால் உறைந்து கெடும். திறந்து பயன்படுத்தும் இன்சுலின் பெரும்பாலும் 30 டிகிரிக்குள் நான்கு வாரம் வரை தாங்கும், மழைக்காலத்தில் துணி சுற்றி நிழலில் வைத்தாலே போதும்.

வீட்டை விட்டுச் செல்லும்போது தவறு நடப்பது மூன்று நான்கு இடங்களில். முதலாவது இன்வெர்ட்டர். மெயினை அணைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பார்கள். இன்வெர்ட்டரோ தன் பேட்டரியிலிருந்து பாதி வீட்டுக்கு 230 வோல்ட் அனுப்பிக்கொண்டிருக்கும். தரையோடு இருக்கும் ப்ளக்கில் தண்ணீர் ஏறினால் அந்த அறை முழுக்க ஆபத்து. மெயின், பிறகு இன்வெர்ட்டர் சுவிட்ச், பிறகு பேட்டரி ஒயர். இதைக் காய்ந்த தரையில் செருப்போடு நின்று செய்ய வேண்டும்; ஏற்கெனவே காலடியில் தண்ணீர் இருந்தால் மீட்டர் பெட்டியைத் தொடாமல் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987க்குச் சொல்லி ஃபீடரை அணைக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது சிலிண்டர். காலி சிலிண்டர்தான் மிதக்கும் என்று நினைக்கிறோம். 14.2 கிலோ எரிவாயுவும் பதினைந்து பதினாறு கிலோ இரும்புக் கூடும் சேர்த்தால் 30 கிலோ. அது இடம்பிடிக்கும் தண்ணீர் சுமார் 35 லிட்டர். ஆக நிரம்பிய சிலிண்டரும் மிதக்கும், மிதந்து சாய்ந்து ரப்பர் குழாயைப் பிடுங்கும். ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, நிமிர்ந்த நிலையில் ஜன்னல் கம்பியோடு கயிற்றால் கட்ட வேண்டும். மூன்றாவது, குளியலறை. தரைத்தளத்தில் தண்ணீர் வாசல் வழியாக வரும் முன் கழிவறைக் கோப்பை வழியாகத்தான் வரும், அதுவும் சாக்கடையாக. பிளாஸ்டிக் பையில் மணல் நிரப்பிக் கோப்பையிலும் தரை ஜாலியிலும் அழுத்தி வைத்தால் முழுதாக நிற்காவிட்டாலும் வேகம் குறையும். ஃபிளாட்டாக இருந்தால் சம்ப்பிலிருந்து மேல் தொட்டியை நிரப்பிவிட்டு, லிஃப்டை மேல் மாடியில் நிறுத்தி மின்சாரத்தை அணைத்துவிடுங்கள். லிஃப்ட் குழிக்குள்தான் முதலில் தண்ணீர் இறங்கும்.

நடக்க முடியாதவரைத் தூக்குவதை ஒருமுறையாவது காய்ந்த படியில் பழகிப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியின் கால் படி முனையில் பட்டால் மடங்கும். இரும்பு மடக்கு நாற்காலி அல்லது கனமான மர நாற்காலி நல்லது. மடங்கிவிடாமல் இருக்கைக்கும் முதுகுக்கும் குறுக்கே கயிறு, இடுப்பைச் சுற்றிப் புடவை. நாற்காலியைப் பின்னால் சாய்த்து இறக்கும்போது கீழே இருப்பவர் மீதுதான் எடை விழும், ஆகவே பலசாலி கீழே. படியின் திருப்பத்தில் நாற்காலி திரும்புகிறதா என்பதைப் பார்ப்பதுதான் இந்த ஒத்திகையின் நோக்கம். பல ஃபிளாட்டுகளில் திரும்பாது. அங்கே தடித்த ஜமுக்காளத்தில் நான்கு பேர் பிடிப்பது ஒன்றே வழி, அந்த நான்கு பேர் யார் என்பது அப்போது கேள்வியாகும்.

இவ்வளவும் வெள்ளத்துக்கு. வார்தா மாதிரி நேராக வரும் புயலுக்குப் பெரும்பாலான கான்கிரீட் வீட்டுக்காரர்கள் வெளியேறவே கூடாது. 2016 டிசம்பர் 12இல் ரோட்டில் விழுந்த மரங்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தகரக் கூரை, ஓட்டு வீடு மட்டும் காற்று எழும் முன் கிளம்பட்டும். கடற்கரைக் குப்பங்களுக்கு சுனாமி இன்னொரு கணக்கு: 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவில் பூமி அதிர்ந்து அலை இங்கே வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எச்சரிக்கை வந்தால் பை, பத்திரம் எதுவும் வேண்டாம், மேற்கே நடந்துவிட வேண்டும். 2012 ஏப்ரல் 11 எச்சரிக்கையில் அலை வரவில்லை; நடந்தவர்கள் செய்தது சரிதான்.

திரும்பி வரும்போது வாசலைத் திறந்ததும் ஜன்னலையும் திறந்து, எரிவாயு வாசனை போகும்வரை நெருப்போ சுவிட்சோ தொடாதீர்கள். எலக்ட்ரீஷியன் பார்த்துச் சரி என்னும்வரை மெயினைப் போடாதீர்கள். மூழ்கிய பைக்கையோ காரையோ ஒருதரம் ஸ்டார்ட் செய்து பார்ப்போமே என்று சாவியைத் திருப்பினால், சர்வீஸில் சரியாகியிருக்கும் இன்ஜின் அந்த நொடியில் கெட்டுப்போகும்; இன்சூரன்ஸ்காரரும் அதைக் காட்டியே கைவிரிப்பார். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரிய ஒவ்வொரு அறையையும், ஃபிரிட்ஜின் சீரியல் நம்பரையும் படம் எடுத்த பிறகே கழுவத் தொடங்குங்கள். வெள்ளத்தில் நடந்த காலில் கீறல் இருந்து, ஒரு வாரம் பத்து நாளில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் டாக்டரிடம் தண்ணீரில் நடந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள், எலிக்காய்ச்சலுக்கும் பார்ப்பார். கேட் தூணில் போட்ட பெயின்ட் கோட்டை இந்த முறை தண்ணீர் நின்ற இடத்தோடு ஒப்பிட்டு, அடுத்த ஐப்பசிக்கு முன் ஏற்றவோ இறக்கவோ செய்யுங்கள்.